இடப்பக்கம் வந்தவர்கள்

போன மாதம் எங்கள் பயிற்சிப் பள்ளியில் கிளட்ச் இல்லாத கார் ஒன்று வாங்கினார்கள். இப்போது அங்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் முத்துச்செல்வி அதை என் வீட்டு வாசல்வரை ஓட்டிவந்து காட்டினாள். நானும் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தேன். இடது காலுக்கு வேலையே இல்லை. அது பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது.

"அக்கா, பாதிப் பாடம் போயிருச்சு. கிளட்சை மெல்ல விடு, மெல்ல விடுன்னு தொண்டை காயக் கத்துன வேலை இனி கிடையாது. மிச்சம் என்னத்தைச் சொல்லிக்குடுக்கன்னு தெரியலை" என்றாள்.

மிச்சம்தான் பாடமே என்றேன். அவள் சிரித்தாள். அப்படியென்றால் அதை எழுதிக் கொடுங்கள், ஒவ்வொரு தடவையும் உங்களைத் தேடி வர முடியாது என்றாள். எனக்குப் பாடமாக எழுதத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் ரோஸ்மேரி. தளவாய்புரத்தில் பிறந்து, கல்யாணமாகி ராஜபாளையம் வந்தவள். என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. எண்பதுகளின் நடுவில், முடங்கியாறு சாலையில் இருந்த கார் பயிற்சிப் பள்ளியில் படிவம் நிரப்பவும் டைப் அடிக்கவும் சேர்ந்தேன். காருக்குள் உட்காருவேன் என்று அப்போது நினைக்கவில்லை.

பள்ளியை நடத்தியவர் பெயர் சீனிவாசன். ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். ஊருக்கே அவர் ஹவில்தார். ஒல்லியான, உயரமான ஆள். காக்கிக் கால்சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் தெலுங்கு பேசுவார். எங்களிடம் தமிழ்தான். காரில் ஏதாவது ஆபத்து என்றால் மட்டும் வாயில் தெலுங்கு வந்துவிடும். அப்போதும் சத்தம் உயராது. "ஆகு, ஆகு" என்பார், தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. நிறுத்து என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் கார் கற்றுக்கொள்ளப் பெண்களும் வர ஆரம்பித்திருந்தார்கள். மில் முதலாளி வீட்டு அம்மாக்கள், கடைக்காரர் வீட்டுப் பெண்கள், ஒரு டாக்டர். ஆனால் மூன்றாம் நாள் நின்றுவிடுவார்கள். அன்னிய ஆண் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் கை வைத்தால் வீட்டில் பேச்சு வரும். ஹவில்தார் இதை ஒரு மாதம் கவனித்துவிட்டு ஒருநாள் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"ரோஸ்மேரி, தையல் மிஷின் மிதிப்பியாம்மா?"

"மிதிப்பேன் சார். தளவாய்புரத்துல மிதிக்காத பொண்ணு யாரு இருக்கா?"

"அப்பம் கால் பழகியிருக்கு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வா."

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு, "போய்ப் பாரு. பிடிக்கலைன்னா டைப்பு மிஷின் எங்கயும் ஓடிப்போகாது" என்றார். ஒன்றரை வருடம் பழகினேன். லைசென்ஸ் வாங்கினேன். சொல்லிக்கொடுக்கும் தகுதிக்கும் எழுதித் தேறினேன். அந்தப் பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு காலைப் பொழுதை மட்டும் சொல்ல வேண்டும்.

எங்களிடம் இருந்தது பழைய பியட் கார். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். இடப்பக்கம் சொல்லிக்கொடுப்பவருக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அன்று நான் நன்றாக ஓட்டப் பழகிவிட்ட தைரியத்தில் ஷெட்டுக்குள் நேராகப் போய், ஏறி உட்கார்ந்து, வண்டியைப் பின்னால் எடுத்தேன். பின்சக்கரத்தில் ஏதோ நசுங்கியது. ஹவில்தார் ஷெட் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"இறங்கிப் பாரும்மா."

இறங்கிப் பார்த்தேன். ஒரு எலுமிச்சம்பழம். அவர்தான் வைத்திருக்கிறார்.

"புது வண்டிக்குத்தானே சார் எலுமிச்சம்பழம் வைப்பாக?" என்று சமாளித்தேன்.

"பழமா இருந்ததனால சிரிக்கோம். தவழ்ற பிள்ளையா இருந்தா?" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. வண்டியை மூன்று முறை சுற்றி வரச் சொன்னார். அதற்குப் பிறகு நான் சுற்றி வராமல் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. கல்யாண வீட்டுக்கு வாடகை வண்டியில் போனால்கூட ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஏறுவேன். என் பிள்ளைகள் கோயில் பிரகாரம் என்று கேலி செய்வார்கள்.

ஹவில்தாரின் காலை வேலை எட்டு நிமிடம். ஷெட்டைத் திறந்ததும் வண்டியைத் தொடக்கூடாது. முதலில் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் விரலால் தொட்டு, தேய்த்து, முகர வேண்டும். கறுப்பாக வழுவழுத்தால் என்ஜின் ஆயில். தண்ணீராக இருந்தால் ரேடியேட்டர். சக்கரத்தின் உள்பக்கம் மெல்லிய எண்ணெய் மாதிரிக் கசிந்து மூக்கில் ஏறினால் அது பிரேக் ஆயில், அன்றைக்கு வண்டி கிளம்பாது. அடுத்து பானட். சூடு ஏறும் முன்னால் ரேடியேட்டர் மூடியைத் துணி வைத்துத் திறந்து தண்ணீர் பார்ப்பது. ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பது. துடைக்காமல் பார்த்தால் அது நேற்றைய கணக்கு என்பார். விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். பேட்டரித் தண்ணீர். பிரேக் ஆயில் புட்டி. பிறகு நான்கு டயருக்கும் காற்று, டயர் பள்ளத்தில் சிக்கிய கல், சக்கர நட்டு. கடைசியில் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, பத்து எண்ணும்வரை காலை எடுக்காமல் இருக்க வேண்டும். கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் வண்டியை விட்டு நாம் இறங்கிவிட வேண்டும்.

ஒருநாள் பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் இருந்தது. நான் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பத்து எண்ணியும் கால் இறங்கவில்லை.

"நிக்குது சார்" என்றேன்.

"இன்னைக்கு நிக்குது" என்றார் ஹவில்தார்.

வாசலில் அன்று நான்கு பேர் காத்திருந்தார்கள். நால்வரையும் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். சக்கரத்தைக் கழற்றினோம். உள்ளே இருந்த ரப்பர் ஒன்று பிய்ந்து, இன்னும் கொஞ்சத்தில் விடும் நிலையில் இருந்தது. புதிதாக மாற்றிவிட்டு, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற அவர் ஒரு பாட்டிலுடன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். "மிதி… பிடி… விடு. மிதி… பிடி… விடு." மத்தியானம்வரை இதுதான். வெளியே வந்தபோது சட்டையெல்லாம் மண். கால்சட்டை மடிப்பு மட்டும் கலையவில்லை. எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெண்களுக்கு ஸ்டெப்னி மாற்றும் பாடத்தை நான்தான் எடுப்பேன். ஆண்களுக்கே சில பள்ளிகளில் அது கிடையாது. ஹவில்தார் விடமாட்டார். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஜாக்கி ஏற்றும் முன்னாலேயே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் வண்டி ஆடும். மறுபடி மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முறுக்கக் கூடாது, எதிரெதிராக முறுக்க வேண்டும். ஒருநாள் பட்டுச்சேலை கட்டி வந்த மில் முதலாளி வீட்டு அம்மாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நட்டு முறுக்கினார். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, "தள்ளுங்கம்மா, நான் மாட்டித் தாரேன்" என்றார்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "நீங்க இந்தக் கழட்டுன நட்டுக மேல மண்ணு படாமப் பாத்துக்கிடுங்க, அது போதும்" என்று அவர் கையில் இரண்டு நட்டுகளைக் கொடுத்தார். அவரும் முடியும்வரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஹவில்தார் அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார்.

இப்போது வரதராஜன் சாரைப் பற்றிச் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது அவர் விஷயம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஆண்டாள் கோயில் பக்கத்தில் வீடு. நெற்றியில் மெல்லிய ஒற்றைத் திருமண் கோடு, வெள்ளை வேட்டி, கையில் குடை. பம்பாயில் வேலை பார்க்கும் மகன் அப்பாவுக்கு ஒரு சின்ன மாருதி கார் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருந்தான்.

"மாசிக்குள்ள லைசென்ஸ் வேணும். வீட்டுல அவளை அழகர்கோயிலுக்குக் கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்" என்றார் சார்.

"ரோஸ்மேரி சொல்லிக்குடுப்பாங்க" என்று ஹவில்தார் என்னைக் காட்டினார்.

சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆம்பளைக யாரும் இல்லையா?"

"நான் இருக்கேன் சார். எனக்கு ஓட்டத் தெரியும். சொல்லிக்குடுக்க இந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு உங்களுக்கு நான் சொல்லவா வேணும்?"

வாத்தியாரிடம் இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும். சார் சிரித்துவிட்டுப் பணம் கட்டினார்.

அவரைப் போல ஒரு மாணவர் எனக்கு வாய்த்ததில்லை. சொன்னதை வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதி, படம் போட்டு வருவார். வழக்கமாக ஆட்கள் பத்து நாள் திணறும் கிளட்சை மூன்றாம் நாளே பிடித்துவிட்டார். இரண்டு கற்களுக்கு நடுவே பின்னால் வண்டியை எடுத்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். எதிரே வரும் பஸ்ஸின் பெயர்ப் பலகையை எனக்கு முன்னால் வாசித்துவிடுவார்.

இரண்டாம் வாரம் செண்பகத்தோப்புச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். காலை ஆறரை மணி. மேற்கே மலை தெளிந்து நின்றது. இடப்பக்கம் மாந்தோப்பிலிருந்து புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடக்க வந்தாள். தூரத்திலிருந்தே நான் பார்த்துவிட்டேன். சார் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கடந்து போனாள்.

"எங்கயிருந்து வந்தா இவ?" என்றார் சார்.

"தோப்புக்குள்ளயிருந்து சார். நடந்துதான் வந்தா."

"திடீர்னு வந்துட்டா" என்றார்.

நான் விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து வன்னியம்பட்டிக்குச் சாலை பிரியும் விலக்கில் பால் கேன் கட்டிய சைக்கிள்காரர். அதே மாதிரிதான். நான் மிதித்தேன். "திடீர்னு வந்துட்டான்" என்றார் சார். மறுநாள் ஒரு வெள்ளாடு. அதுவும் திடீரென்று வந்துவிட்டது. அன்று ராத்திரி சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது எனக்கு உறைத்தது. மூன்றும் இடப்பக்கம் வந்தவை. வலப்பக்கம் ஒரு கோழி வந்தால்கூட அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது.

ஹவில்தாரிடம் சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். "கவனக் குறைவா, கண்ணுக் குறைவா?"

"அதான் தெரியலை சார். பஸ் போர்டை என்னைவிட நல்லா வாசிக்காரு."

"தெரியாமச் சொல்லிரக் கூடாது. பெரிய மனுசன். முதல்ல தெரிஞ்சுக்கிடுவோம்."

மறுநாள் காலை ஹவில்தார் தன் மோட்டார் சைக்கிளில் எங்களுக்கு முன்னால் செண்பகத்தோப்புச் சாலைக்குப் போய் நின்றார். ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தச் சொன்னார். என்ஜினை அணைத்துவிட்டு, சாரை ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்கச் சொன்னார்.

"சார், எதிர்க்க இருக்கிற மைல்கல்லையே பாருங்க. கண்ணைத் திருப்பக் கூடாது. பக்கத்துல மஞ்சத் துணி தெரிஞ்ச உடனே 'ம்' சொல்லுங்க."

வண்டி துடைக்கிற மஞ்சள் துணியை ஆட்டிக்கொண்டு அவர் பின்னாலிருந்து நடந்து வந்தார். முதலில் வலப்பக்கம். சாரின் கதவை நெருங்கியதும் "ம்" என்றார் சார். அடுத்து இடப்பக்கம். நான் பின் இருக்கையில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹவில்தார் பின்கதவைத் தாண்டினார். முன்கதவைத் தாண்டினார். முன்விளக்கைத் தாண்டினார். வண்டியை விட்டே நாலு எட்டு முன்னால் போய்விட்டார். துணி ஆடிக்கொண்டே இருக்கிறது. அதன் பிறகுதான் "ம்" வந்தது.

இன்னும் இரண்டு முறை செய்தார். அதே இடம்தான்.

சார் இறங்கினார். "என்ன விளையாட்டு இது?" என்று கேட்டுவிட்டு, ஹவில்தார் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு, "நீ உக்காரும்மா அங்க" என்றார். விடையைச் சரிபார்க்காமல் விடாத கணக்கு வாத்தியார். நான் அவர் இடத்தில் உட்கார்ந்து மைல்கல்லைப் பார்த்தேன். இடப்பக்கம் அவரே துணியை ஆட்டிக்கொண்டு பின்னாலிருந்து நடந்துவந்தார். பின்கதவைத் தாண்டும்போதே எனக்கு மஞ்சள் தெரிந்தது. ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. "ம்" என்றேன்.

சார் அந்த இடத்திலேயே நின்றார். தான் நிற்கும் இடத்தையும், சற்று முன் ஹவில்தார் நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் கொறையத்தான் செய்யும்" என்றார்.

"சார், கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க. அதுவரைக்கும் வண்டி எடுக்க வேண்டாம்" என்றேன்.

"போன வருசம்தான் கண்ணாடி மாத்தினேன். கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன்."

"வாசிக்கிறதுல ஒண்ணும் கொறை இல்லை சார். பக்கத்துலதான்."

"ஏம்மா, டெஸ்ட்டு மைதானத்துல யாரு பக்கத்துல வரப்போறா? நாளைக்கே போனாலும் நான் பாஸ் பண்ணிருவேன். உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். என் பயமே அதுதான். "பாஸ் பண்ணிருவீங்க சார். அதுக்குப் பொறவு ரோட்டுல புல்லுக்கட்டு சுமந்து வாரவங்களுக்கு, என் பக்கத்துல இருக்கிற பிரேக் கிடையாது" என்றேன்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். காரில் ஏறச் சொன்னோம், ஏறவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறச் சொன்னோம், காதில் வாங்கவில்லை. அவரை அப்படி விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நான் முதல் கியரில் காரை உருட்டிக்கொண்டு அவர் பின்னால் போனேன். என் பின்னால் ஹவில்தார். சுவாமி புறப்பாடு மாதிரி ஒரு மைல் தூரம் போனோம். கடைசியில் பால் வேன் ஒன்று வந்து சாரை ஏற்றிக்கொண்டது. எங்கள் மஞ்சள் துணியும் அவர் கையிலேயே போய்விட்டது.

பள்ளிக்கு வந்து ஹவில்தார் சாரின் படிவத்தை எடுத்துத் தனியாக வைத்தார். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்லை. அவரு நேரா விண்ணப்பம் போட்டுக்கிடலாம்."

"எனக்கு?"

"உனக்கும் இல்லை" என்றார். பிறகு, "ஆனா நாளைக்கழிச்சு ஞாயித்துக்கிழமை. லீவு நாள்ல நீ எங்க போறேன்னு நான் கேக்குறதில்லை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஜெபம் முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்ற யோசனைதான். சார் வீட்டு வாசலில் கார் உறை போட்டு நின்றது. நல்லவேளையாக அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி கோதையம்மாள் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நான் யாரென்று சொன்னதும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். புல்லுக்கட்டுக்காரி, பால்காரர், ஆடு, மஞ்சள் துணி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீரையை ஆய்வதை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லுதேன் கேளு. அவிய சாப்பிடும்போது இலைக்கு இடப்பக்கம் தண்ணி வச்சா தட்டி விட்டுருவாக. ஆறு மாசமா நான் வலப்பக்கம்தான் வைக்கேன். எதுக்கு மாத்தி வச்சேன்னு இந்த நிமிசம் வரைக்கும் நான் யோசிச்சதே இல்லை" என்றார். பிறகு, "கதவு நிலையில தோளை இடிச்சுக்கிடுதாக. அதுவும் இடது தோள்தான்" என்றார்.

நான் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.

"டாக்டர்கிட்ட வரச் சொன்னா வருவாகளா?" என்று கேட்டேன்.

"அவியளுக்குன்னா வர மாட்டாக. எனக்குக் கண்ணு மங்குதுன்னு சொல்லுதேன். எனக்குன்னா நாளைக்குக் காலையில முதல் பஸ்ல மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருவாக" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. கண் கலங்கியும் இருந்தது.

அதன்பின் மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. ரோட்டில் சின்ன வெள்ளைக் கார் எது போனாலும் உள்ளே யார் என்று எட்டிப் பார்ப்பேன். வேறு பள்ளிக்குப் போயிருப்பாரோ, தானே எடுத்து ஓட்டுகிறாரோ என்று மனம் அடித்துக்கொண்டது. நான்காம் வாரம் ஒருநாள் காலையில் அலுவலக வாசலில் குடையுடன் சார் நின்றார். என் மேசைக்கு வந்து, துவைத்து நான்காக மடித்த மஞ்சள் துணியை வைத்தார்.

"இடது கண்ணு முக்காவாசி போயிருச்சாம்மா. கண்ணுக்குள்ள நீர் அழுத்தமாம். வலியே இருக்காதாம், அதான் தெரியலை. வலது கண்ணுலயும் தொடங்கியிருக்கு. சொட்டு மருந்து தவறாம விட்டா இதோட நிப்பாட்டிரலாம்னு சொன்னாரு டாக்டர். இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தா…" என்று நிறுத்திக்கொண்டார்.

"அம்மாவுக்குக் கண்ணு எப்படி சார்?" என்று கேட்டுவைத்தேன்.

"அவளுக்கு ஊசியில நூல் கோக்குற கண்ணு. நீங்க எதுக்கும்மா வந்தீங்கன்னு டாக்டரே கேட்டாரு" என்றார். அப்போதுதான் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உள்ளேயிருந்து ஹவில்தார் வந்தார். சார் அவரைப் பார்த்து, "வண்டி வாசல்ல சும்மா நிக்குது. ஓட்ட ஆளு வேணும்" என்றார்.

"நல்ல டிரைவரா நாலு பேரைத் தெரியும் சார். சொல்லி அனுப்புதேன்."

"ஆளு பாத்தாச்சு. நீங்க சொல்லிக்குடுத்தா போதும்" என்று சார் விலகி நின்றார். அவருக்குப் பின்னால் வாசல்படியில் கோதையம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

கோதையம்மாள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. சார் மூன்று நாளில் பிடித்த கிளட்சைப் பிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. வண்டி நின்றுபோனால் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக் கும்பிடுவார். ஹாரன் அடித்துவிட்டு, "கோவிச்சுக்கிடாதீங்க" என்று கண்ணாடிக்குள்ளிருந்தே சொல்வார். ஆனால் இடமும் வலமும் ஒரு எறும்பைத் தப்பவிடமாட்டார். நான்கு மாதத்தில் என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்தது இரண்டே முறை.

பாடத்தின்போது வீட்டு ஆட்கள் காருக்குள் இருக்கக் கூடாது என்பது ஹவில்தாரின் சட்டம். அதனால் சார் அலுவலகத்தில் உட்கார்ந்து மாருதியின் கையேட்டை வரி வரியாக வாசிப்பார். ஹவில்தாரின் எட்டு நிமிட வேலையை நேரில் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான்கு டயரின் காற்றையும் பார்த்துத் தேதியோடு குறித்து வைத்தார். கையில் துணியோடு குனிந்து தரையைப் பார்த்து, முகர்ந்து, வண்டியைச் சுற்றி வருவார். தான் ஓட்டவே போகாத காரை அவ்வளவு நன்றாக வைத்திருந்தவர் ராஜபாளையத்திலும் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை. வேளை தவறாமல் சொட்டு மருந்தும் விட்டுக்கொண்டார். அதற்கப்புறம் எத்தனையோ வருடம் அந்த வலது கண்ணால் காலைப் பேப்பரை முழுதாக வாசித்தார்.

முதல் டெஸ்ட்டில் கோதையம்மாள் ஏற்றத்தில் மூன்று முறை வண்டியை அணைத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் இன்னொரு நாள் வரச் சொன்னார். அம்மாள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். "ஒண்ணும் இல்லை. முதல் பரீட்சையில கேள்வித்தாளைப் பழகிக்கிட்டோம்" என்றார் சார். இரண்டாவது டெஸ்ட்டில் தேறினார்.

அழகர்கோயிலுக்குப் போகும் முன், இருவரும் மட்டும் முதன்முதலாகக் காரை எடுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு எங்களைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் காலை ஒன்பது மணியிலிருந்து வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஹவில்தார் பேப்பர் வாசிப்பது போல் வைத்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கம்தான் ரொம்ப நேரமாகத் திறந்திருந்தது. பத்து மணிக்கு வெள்ளை மாருதி மெதுவாகத் திரும்பி, இடப்பக்கம் விளக்குப் போட்டு, வேப்பமரத்தடியில் கச்சிதமாக நின்றது. கோதையம்மாள் கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. சார் பின் இருக்கையில், நடுவில், மில் முதலாளி மாதிரி குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், முன்னால உக்காரலையா?" என்றேன்.

"முன்னாலதான் வந்தேன். வன்னியம்பட்டி தாண்டுறதுக்குள்ள நாலு தடவை பிரேக்கைப் பிடின்னு சொன்னேனாம். ஓரமா நிப்பாட்டிட்டா. முன்னால இருக்கணும்னா பேசக் கூடாது, பேசணும்னா பின்னால போயிரணும், எது வேணும்னு கேட்டா" என்றார் சார். "நான் பேசணும்னு சொல்லி இங்க வந்துட்டேன்."

ஹவில்தார் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். காப்பி குடித்தோம். கோதையம்மாள் எங்கள் வீட்டுக்கென்று ஒரு சம்படம் நிறைய அதிரசம் கொண்டுவந்திருந்தார். புறப்படும்போது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வலது பார்த்து, இடது பார்த்து, ஒரு சைக்கிள்காரருக்கு வழி விட்டு, வண்டியை ரோட்டுக்கு எடுத்தார். நானும் ஹவில்தாரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வளைவில் திரும்பி மறையும்வரை, பின்கண்ணாடி வழியாக சாரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது தெரிந்தது.